இரும்பு இல்லை, உப்பு

கண்ணு,

நீ 'அயன் சேனல்' பற்றி ஆராய்ச்சி செய்கிறாய் என்று முதன்முதலில் போனில் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்த அயன் ஒன்றுதான், இரும்பு. துணி தேய்க்கிற பெட்டியைக்கூட நாம் அயன் பாக்ஸ் என்றுதானே சொல்கிறோம். வலிப்பு வருகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றாய், அதோடு அயன் என்றும் சொன்னாய். எங்கள் காலத்து ஆட்களிடம் வலிப்பையும் இரும்பையும் சேர்த்துச் சொன்னால் ஒரே அர்த்தம்தான். கீழே விழுந்து கைகால் இழுத்துக்கொண்டிருப்பவர் கையில் இரும்பைத் திணிப்பது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் யாராவது விழுந்தால் நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடி வருவதை நீயே பார்த்திருப்பாய். என் பிள்ளை அந்த இரும்பைப் பற்றித்தான் ஆராயப் போயிருக்கிறான், எப்படியோ வீட்டு விஷயம் அவன் காதுக்குப் போய்விட்டது என்று நினைத்து நடுங்கிப் போனேன்.

அடுத்த முறை நீ லீவில் வந்தபோது, மல்லாட்டை, உன் பாஷையில் வேர்க்கடலை, உரித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன், "ஏன்டா, இரும்பு குடுத்தா வலிப்பு நிக்குமா நிக்காதா? உன் படிப்புல இன்னா சொல்றாங்க?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"அய்யோ அம்மா, அயர்ன் இல்ல. அயான். அயனி. இரும்பு இல்லம்மா, உப்பு."

"உப்பா? சோத்துல போடற உப்பா?"

"அதே உப்புதான். மூளைல ஒவ்வொரு செல்லையும் சுத்தி ஒரு தோல் இருக்குது. அந்தத் தோல்ல குட்டிக் குட்டியா கதவு இருக்குது. அதுக்குப் பேருதான் சேனல். மரக்காணத்துல உப்பளத்துக்கு மடையத் தொறந்து தண்ணி விடுவாங்க இல்ல, அந்த மாதிரி. கதவு தொறந்தா உப்போட சத்து உள்ள ஓடும், செல்லு பேசும். மூடினா அமைதியாயிடும். நீ இப்ப என்னைப் பாக்கறது, திட்டறது, மல்லாட்டை உரிக்கறது எல்லாம் அந்தக் கதவு தொறந்து மூடறதுதான்."

"மூடலன்னா?"

"மூட வேண்டிய நேரத்துல ஒழுங்கா மூடலன்னா ஒரு செல்லு கத்தும். அதக் கேட்டு பக்கத்து செல்லு கத்தும். எல்லாம் ஒண்ணா கத்தினா அதான் வலிப்பு."

"அப்ப டிவி சேனலும் இல்லன்னு சொல்லு" என்று சொல்லி உன்னை மறுபடி சிரிக்க வைத்தேன். அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். நீ விடவில்லை. எங்கள் லேபில் இப்போது ஒரு விதமான வலிப்பைப் பற்றிப் பார்க்கிறோம், தலையில் சுடுதண்ணீர் ஊற்றினால் மட்டும் வருவது, நம் தென்பக்கத்தில்தான் அதிகம் பார்க்கிறோம், சில குடும்பங்களில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, சாதாரணமாகக் கேட்டாய், "நம்ம பக்கத்துல யாருக்காவது இருந்துச்சாம்மா? திண்டிவனத்துல, உங்க வீட்டுப் பக்கம்?"

"நம்ம குடும்பத்துல அந்த மாதிரி யாருக்கும் கெடையாது" என்றேன். மல்லாட்டைத் தோலை முறத்தில் அள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அது பொய், கண்ணு. அந்த ஆள் நான்தான்.

வரும் மாதம் விக்கிரவாண்டியில் உன் கல்யாணம். அதற்கு முன்னால் இதை உனக்குச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட வெட்கப்படுகிறவள் என்று நீயே கேலி செய்வாய். எட்டாவது வரை படித்ததில் எழுத மட்டும் வருகிறது. அதனால் எழுதுகிறேன். நீ தனியாக இருக்கும்போது படி.

என் அப்பா, உன் தாத்தா, திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை பார்த்தார். காலையில் மில்லைத் திறப்பது அவர்தான். அதனால் கோடவுன் சாவி எங்கள் வீட்டில் இருக்கும். ஒரு சாண் நீளம், நல்ல கனம். மில்லில் மலைபோலக் குவிந்து கிடக்கும் தோலைச் சாக்கில் கட்டிக் கொண்டு வருவார். விறகு இல்லாத வீடு உண்டு, எங்கள் வீட்டில் எரிக்கத் தோல் இல்லாத நாள் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எங்கள் தெருவிலேயே நன்றாகக் கொதிக்கிற தண்ணீர் எங்கள் வீட்டுத் தண்ணீர்தான். எனக்கு ஊற்றுவது அக்கா. உன் பெரியம்மா. என்னைவிட நாலு வயது மூத்தவள். நான் மணையில் உட்கார்ந்துகொள்வேன், அவள் பின்னால் நின்றுகொண்டு சொம்பு சொம்பாக விடாமல் ஊற்றுவாள். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஐந்தாறு சொம்புக்கு மேல் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது ஈரத்தோடு கூடத்தில் கிடந்தேன். உள்ளங்கையில் கோடவுன் சாவி. அதன் பல் அழுந்தித் தோல் கிழிந்திருந்தது. அம்மா என்னைப் பார்க்காமல் அக்காவை அடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி ஊத்தன? மூச்சு முட்டற மாதிரி ஊத்தனியா?"

"எப்பவும் போலத்தாம்மா ஊத்தனேன்."

"எப்பவும் போல ஊத்தனா அவ ஏண்டி இப்படி கெடக்கறா?"

இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. அப்புறம் மறுபடி. அம்மா ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனாள். அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு உடம்புல சூடு ஏறிப் போயிருக்குது. வாரத்துக்கு ஒரு தரம் எண்ணெய் பத்தாது. செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் வையுங்க. எண்ணெய் எறங்கணும்னா தண்ணி நல்லா சுடச்சுட இருக்கணும்" என்றார். அப்பாவுக்குச் சந்தோஷம். "தோலுக்கு இன்னா பஞ்சம்? மில்லுல கெடக்குது" என்று இன்னொரு சாக்கு கட்டிக்கொண்டு வந்தார். யாரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை, கண்ணு. அந்த வைத்தியர் உட்பட. என் மேல் இருந்த பிரியம் முழுவதையும் அவர்கள் அண்டாவில் கொதிக்க வைத்து என் தலையில் ஊற்றினார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை வந்தது, நாலைந்து தடவை வர ஆரம்பித்தது.

பள்ளிக்கூடம் நின்ற கதையை உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். தாத்தா நிறுத்திவிட்டார் என்று. நீ அவர் மேல் கோபப்பட்டாய், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பாவம், அவர் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வகுப்பில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருந்தது. ஒரு பெண் என் கையில் ஒரு ஆணியைக் கொடுத்து, "வெச்சிக்கோ, வந்தா தேட வேணாம்" என்றாள். கேலியா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எட்டாவது பரீட்சை முடிந்ததும் வயிற்று வலி என்று பத்து நாள் படுத்தேன். பத்து நாள் ஒரு மாதம் ஆனது. "போவலியா?" என்று அப்பா கேட்டார். தலையை ஆட்டினேன். "சரி வுடு, ஒடம்புதான் முக்கியம்" என்றார். நானே நின்றுவிட்டேன். அடுத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு அமைதியாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடமும் காட்டினார்கள். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "எப்பம்மா வருது?" என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா முந்திக்கொண்டாள். "வெள்ளிக்கெழம வருதுங்க, செவ்வாக்கெழம வருதுங்க. நாளு பாத்து வருது டாக்டரு. சாமி குத்தமோ இன்னாவோ, பேஜாரா போச்சுங்க." டாக்டர் சிரித்துவிட்டார். "நோய்க்குக் கெழம தெரியுமாம்மா?" என்று சொல்லிக்கொண்டே மாத்திரை எழுதினார். நல்ல மனிதர். வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அம்மா சொன்னது சரி. நோய்க்குக் கிழமை தெரிந்திருந்தது. ஏன் தெரிகிறது என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது நீ உன் ஆராய்ச்சிக்காக எத்தனையோ பேரைப் பார்க்கிறாய். உன் முன்னால் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேள். பதில் வர நேரமாகும். காத்திரு.

அந்த வருஷம் மில்லில் மிஷின் ரிப்பேர். இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. தோல் இல்லை. அம்மா அடுப்பெரிக்கவே வேலிக்காத்தான் குச்சி பொறுக்கினாள், குளிக்க எங்கே தண்ணீர் காய வைப்பது? அம்மாவே பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிவிடுவாள். இரண்டு மாதமும் எனக்கு ஒன்றும் வரவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்றார்கள். மில் திறந்து, அண்டா மறுபடி கொதித்த முதல் வெள்ளிக்கிழமை விழுந்தேன். அதே மாத்திரையைத்தான் அன்றைக்கும் சாப்பிட்டிருந்தேன். துணிக்கடைக் காலண்டர் ஒன்று சுவரில் தொங்கும். அதன் பின்பக்கத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். சுடுதண்ணீருக்கு ஒரு புள்ளி, விழுந்தால் அதன் மேல் ஒரு வட்டம். புள்ளி இல்லாத இடத்தில் வட்டமே இல்லை.

அப்புறம் நான் செய்ததைப் படித்தால் நீ சிரிப்பாய். எனக்கு இனிமேல் நானே ஊற்றிக்கொள்கிறேன், வயசுக்கு வந்த பெண், கூச்சமாக இருக்கிறது என்று சொன்னேன். வாயே திறக்காதவள் ஒரு வார்த்தை சொன்னதும் அம்மா ஒத்துக்கொண்டாள். தட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் ஒரு வாரம் பச்சைத் தண்ணீரைக் கலந்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த வாரமும் கலந்தேன். இல்லை. அதற்கடுத்த வாரம் கலக்கவில்லை. வந்தது. இப்படி மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். இதைத்தான் நீங்கள் பரிசோதனை என்று பெயர் வைத்துப் பெரிய மிஷின்களோடு செய்கிறீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பதினாறு வயதில் குளியலறையில் கண்டுபிடித்துவிட்டேன். பச்சைத் தண்ணீரில் குளித்தால் போதும், நான் எல்லோரையும் போல.

கண்டுபிடித்த பிறகும் நான் சில வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீரைக் கலக்கவில்லை. இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. தெரிந்தேதான் கலக்கவில்லை. சுடுதண்ணீர் தலையில் இறங்க இறங்க, விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சுகம் வரும். எப்படி எழுதுவது? உச்சந்தலையிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. பயம், வெட்கம் எதுவும் இருக்காது. ஊற்றுவதை நிறுத்த முடியாது, கை தானாக அடுத்த சொம்பை மொள்ளும். பேசப் பழக ஆள் இல்லாத ஒரு பெண்ணுக்கு வாரத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் சொந்தம். அதற்காக விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தேன். நெற்றியோரம் இருக்கும் தழும்பு, கிணற்றடியில் விழுந்தது என்று சொல்லியிருக்கிறேனே, அது இப்படி வந்தது. இது கெட்ட புத்தி என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களில் வேறு யாராவது இப்படிச் சொன்னார்களா? இல்லையென்றால், அவர்களும் என்னைப்போல் வெட்கப்பட்டு மறைக்கிறார்களோ என்று பார். கதவு மூடாமல் போவதால் வலிப்பு என்றாய். அந்தச் சுகம் எந்தக் கதவு வழியாக வந்தது என்று தெரிந்தால் எனக்குச் சொல். அது நோயில் சேர்ந்ததுதான், என் குணத்தில் சேர்ந்ததல்ல என்று நீ சொன்னால் எனக்குப் பெரிய நிம்மதி.

பதினெட்டு முடிந்ததும் அந்தப் பழக்கத்தையும் விட்டேன். கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. உன் அப்பா அப்போது விழுப்புரத்தில் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். பெண் பார்க்க வந்தபோது அவருடைய அத்தை, "பொண்ணு நல்லா இருக்குது. ஒடம்புல ஒண்ணும் கொற இல்லியே?" என்று கேட்டாள். என் அம்மா முகம் மாறாமல், "நம்ம குடும்பத்துல அந்த மாதிரி யாருக்கும் கெடையாதுங்க" என்றாள். காபித் தட்டோடு நின்றிருந்த நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்று நீ கேட்டபோது என் வாயிலிருந்து வந்ததும் இதே வார்த்தைகள்தான், கடைசி 'ங்க' மட்டும் இல்லை. கொல்லைப் பக்கம் போனபின்தான் அது உறைத்தது.

அந்த வருஷம் தலைதீபாவளிக்குத் திண்டிவனம் போனோம். விடிந்தும் விடியாமலும் அக்கா தன் புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். "புதுப் பொண்ணுக்கு நான்தான் ஊத்துவேன்" என்று என்னை மணையில் உட்கார வைத்தாள். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, கொஞ்சம் பச்சத் தண்ணி கலந்துக்கோ" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"தலதீபாவளிக்குப் பச்சத் தண்ணியா? உங்க வூட்டுக்காரரு கேட்டா சிரிப்பாரு. குனிடி."

உரக்கச் சொல்லியிருந்தால் போதும். வாசலில் உன் அப்பா, அவர் தம்பி, இன்னும் யார் யாரோ. நான் குனிந்தேன். கண் விழித்தபோது கையில் மறுபடி அந்தச் சாவி. எதிரே உன் அப்பா புது வேட்டியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

விழுப்புரம் திரும்பி ஒன்பது நாள் அவர் என்னிடம் பேசவில்லை. என்னைத் திண்டிவனத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி அவர் அத்தை வந்து கத்திவிட்டுப் போனாள். அவர் அனுப்பவில்லை. பத்தாம் நாள் டியூட்டி முடிந்து வந்து, வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டு கேட்டார், "வலிப்பு வர்றது உன் தப்பு இல்ல. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கட்டிக்கினு இருக்க மாட்டீங்க."

"அதை நான்தானே சொல்லணும்? எனக்கும் சேத்து நீயே முடிவு பண்ணிட்டியா?"

அப்புறம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். காலண்டர், புள்ளி, வட்டம் எல்லாம். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். அவர் செருப்பைக் கழற்ற மறந்து கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "இவ்வளவும் நீயாவா கண்டுபுடிச்ச?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் சாகிற வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் தலைக்குச் சுடுதண்ணீர் கிடையாது. மார்கழிப் பனியில் அவரும் பச்சைத் தண்ணீரில் பல் கிட்டக் குளித்துவிட்டு, "ஜில்லுனு இருக்குது, நல்லாத்தான் இருக்குது" என்று பொய் சொல்லுவார். அது நல்ல பொய். நானும் அவரும் சேர்ந்து உன்னிடம் சொன்ன பொய் அப்படியல்ல. சுடுதண்ணீர் ஊற்றினால் முடி கொட்டும் என்று சொல்லியே உன்னை வளர்த்தோம். சொன்னதைக் கேட்டு வளர்ந்தும் முப்பது வயதில் உனக்கு முன்நெற்றி ஏறிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் உனக்கு எண்ணெய் வைத்து நலங்கு. மறுநாள் காலையில் தலைக்கு ஊற்றுவார்கள். விக்கிரவாண்டி மண்டபத்தில் பெரிய ஹீட்டர் இருக்கிறது என்று நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற கயலின் அப்பா பெருமையாகச் சொன்னார். என் கதவு உனக்கும் வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, ஏனென்றால் உன் தலையில் ஒரு சொம்பு கொதிநீர் விழ நான் விட்டதில்லை. எல்லோருக்கும் வராது என்று நீயே சொன்னாய். ஆனால் தாலி கட்டும் நாளன்று மண்டபத்தில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அதைவிட முக்கியம், கயலிடம் சொல். கல்யாணத்துக்கு முன்னால் சொல். இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு, நான் சுகம் என்று எழுதியிருக்கும் இடம் உட்பட. நாளைக்கு அவள் வயிற்றில் பிறக்கப் போகிற பிள்ளைக்கும் இந்தக் கதவு இருக்கலாம். அதைக் குளிப்பாட்டப் போகிறவள் அவள். அந்தப் பெண் போன வாரம் வந்து என் மடியில் பூவைக் கொட்டிவிட்டு, "அத்தை, இவுரு சின்னப் புள்ளைல எப்படி? எல்லாம் இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் நான் ஏமாந்துட்டேன்னு சொல்லக் கூடாது பாருங்க" என்று சிரித்தாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை, கண்ணு. நிற்கக் கூடாது என்றுதான் ஆசைப்படுகிறேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனாலும் அவளுக்கும் சேர்த்து நாம் முடிவு செய்யக் கூடாது. உனக்கு என் ரத்தம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள். பஸ் ஏறி வருகிறேன்.

நேற்று திண்டிவனம் போய் உன் பெரியம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். போன வாரமே போன் செய்து, "என் புள்ளைக்குக் கல்யாணத் தண்ணி நான்தான் ஊத்துவேன், வேற ஒருத்தி சொம்பைத் தொடக் கூடாது" என்று சொல்லியிருந்தாள், அதனால்தான் போனேன். சுடுதண்ணீர்தான் காரணம் என்று சொன்னதும் அக்கா பூரிக்குப் பிசைந்த மாவோடு அப்படியே நின்றாள். பிறகு கை கழுவாமலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணியாடி? என் கை இல்லியா?"

"உன் கை இன்னாக்கா பண்ணும்?"

"நான் ஊத்தறப்பல்லாம்தானேடி உனக்கு வந்துச்சு. உனக்கு நீயே ஊத்திக்க ஆரம்பிச்சப்புறம் கொறஞ்சுது, அப்புறம் நின்னே போச்சு. கல்யாணத்துக்கப்புறம் ஒரு தபா ஊத்தனேன், மறுபடி வந்துச்சு. என் கைலதான் ஏதோ இருக்குதுன்னு நெனச்சிக்கினு கெடந்தேன். என் ரெண்டு புள்ளைங்களுக்கும் நான் தலைக்கு ஊத்தனதே இல்லடி. பக்கத்து வூட்டுக்காரியக் கூப்பிட்டு ஊத்தச் சொல்லுவேன். இப்பத்தான், வயசாயிப் போச்சே, ஒரு புள்ளைக்காவது ஊத்திப் பாத்துடலாம்னு தைரியம் பண்ணிக்கினு உனக்கு போன் பண்ணேன்."

பதினாறு வயதில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் சொல்லியிருந்தால் அவள் தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருப்பாள். என் வெட்கம் என்னை மட்டும்தான் பாதித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திட்டினாள், மாவுக் கையாலேயே முதுகில் ஒரு அடி வைத்தாள். அழுது முடித்துப் பூரி சுட்டுப் போட்டாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்து, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"பச்சத் தண்ணியா இருந்தா நான் ஊத்தலாமாடி? படிச்ச புள்ள, அவனக் கேட்டுச் சொல்லு."

உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் மேல் கோபப்பட்டு எழுத வேண்டுமென்றால் அதைத் தனியாக எழுது, மெதுவாக எழுது. கயல் என்ன சொன்னாள் என்பதையும் அப்புறம் சொல். முதலில் உன் பெரியம்மாவுக்கு ஒரு போன் போடு. காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளாம்.

உன் அம்மா